உயில் எழுதியும் எழுதாதவர்

கேள்வி: பாகப்பிரிவினை வழக்குகளின் ஆங்கில மனுக்களில், இறந்தவர் ‘டைட் இன்டெஸ்டேட்’ என்று எழுதுகிறார்களே, அதற்கு என்ன பொருள்? உயில் எழுதி வைத்தவரைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியுமா?

பதில்: உயில் எழுதாமல் இறந்தார் என்பது அதன் நேர்ப்பொருள். லத்தீனில் ‘டெஸ்டிஸ்’ என்றால் சாட்சி. அந்த வேரில் உயில் எழுதுவதைக் குறிக்கும் வினை பிறந்து, முன்னால் ‘இன்’ சேர்ந்ததும் எதிர்மறையாயிற்று. சாட்சிக்கும் உயிலுக்கும் உள்ள அந்த உறவு இன்றும் அறுபடவில்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, சாதாரண உயிலில் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: முடியும். இந்தச் சொல் ஆளை மட்டுமல்ல, சொத்தையும் பார்க்கிறது. செல்லத்தக்க உயில் எந்தச் சொத்துக்கு இல்லையோ, அந்தச் சொத்தைப் பொறுத்தவரை ஒருவர் ‘இன்டெஸ்டேட்’ ஆக இறந்தவர் என்கிறது அச்சட்டத்தின் 30-ஆம் பிரிவு. ஒருவர் வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு நிலத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் போனால், வீட்டுக்கு உயில் உண்டு, நிலத்துக்கு இல்லை. சொத்து முழுவதையும் சட்டவிரோதமான காரியத்துக்கு எழுதி வைத்தவரும் உயில் எழுதாதவராகவே கருதப்படுவார்.

அப்படி விட்டுப்போன சொத்தைச் சட்டமே பங்கிடுகிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்த ஆணின் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமபங்கு. தந்தை இந்த முதல் வகுப்பு வாரிசுகளில் இல்லை. தாயின் பங்கை மறந்துவிட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வதுதான் பிறகு பல சிக்கல்களுக்கு வித்தாகிறது.

இந்த ஒற்றைச் சொல்லின் கனத்தை உணர்த்திய வழக்கு கேரளத்திலிருந்து வந்தது. மேரி ராய் சிரியன் கிறிஸ்தவர். எழுத்தாளர் அருந்ததி ராயின் தாய். அவருடைய தந்தை உயில் எழுதாமல் இறந்தார். 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டமோ, அத்தகைய சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான் என்றது. பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அப்பட்டமான அநீதி அது. மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1951 முதலே அங்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று 1986-இல் தீர்ப்பு வந்தது. அதன்படி மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு.

தமிழில் ‘உயிலின்றி இறந்தவர்’ என்று எழுதினால் பெரும்பாலும் போதும். உயில் ஒரு பகுதிச் சொத்துக்கு மட்டும் இருந்தால், எந்தச் சொத்தைப் பொறுத்தவரை என்பதையும் கூடவே எழுத வேண்டும்.