அரி போடுவதா, நின்றபடி அறுப்பதா?

விருத்தாசலம் பக்கம் எங்கள் கொல்லையில் எள்ளு அறுப்புக்கு நாள் பார்ப்பது அம்மாவின் வேலை. செடியின் அடியிலிருந்து எண்ணிக்கொண்டு போய்ப் பத்தாவது காயைப் பிளந்து பார்ப்பார். உள்ளே எள்ளு கறுத்திருந்தால் மறுநாள் விடியலில் ஆள் இறங்கும். நுனிக்காய் பச்சையாக இருக்கிறதே என்று நான் கேட்டால், "அதுக்காகக் காத்திருந்தா அடிக்காய் வாயைத் திறந்துடும்டா" என்பார். அறுத்ததைப் போராக அடுக்கி, சில நாள் கழித்துப் படுதாவின் மேல் தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் எள்ளு பொலபொலவென்று கொட்டும்.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், ஹம்போல்ட் ஊருக்கு வடக்கே ஒரு பண்ணையில் பத்து அறுவடைக் காலம் வேலை பார்த்துவிட்டேன். ஆகஸ்டு பிறந்தால் அங்கே காப்பிக் கடையில் கூடுகிற பெரியவர்களுக்கு ஒரே வாக்குவாதம்: கனோலாவை ஸ்வாத் போடுவதா, நேராக அறுவடை இயந்திரமான கம்பைனை விடுவதா? முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் பத்தாவது காய்தான் அது.

கனோலா கடுகுக் குடும்பம். ரேப்சீடில் இருந்த எரூசிக் அமிலத்தையும் காரநெடியையும் குறைத்து, 1970களில் சஸ்கட்டூனில் கீத் டவுனியும் மானிடோபா பல்கலைக்கழகத்தில் பால்டர் ஸ்டெபான்சனும் உருவாக்கிய பயிர். விதை கடுகளவுதான். நெற்றின் நடுவே மெல்லிய சவ்வு, இரண்டு பக்கமும் மூடி. காயக் காய அந்த மூடிகள் விறைத்துக்கொண்டு பிரியப் பார்க்கும். காற்றில் பக்கத்துச் செடி உரசினாலே போதும், விதை மண்ணில்.

ஸ்வாத் போடுவது என்றால், விதை பாதிக்கு மேல் நிறம் மாறியதும் ஸ்வாதர் வண்டி முப்பது அடி அகலத்துக்கு வெட்டி, ஒரே நீள வரிசையாக அடித்தாளின் மேல் படுக்க வைக்கும். நெல்லறுத்து அரி போடுவதன் ராட்சத வடிவம். பத்துப் பதினான்கு நாள் காய்ந்தபின் கம்பைன் வந்து அள்ளிக்கொள்ளும். நேரடி அறுப்பில் ஸ்வாதருக்கு வேலையில்லை. நின்ற இடத்திலேயே செடி முழுக்கக் காயும்வரை காத்திருந்து அறுக்க வேண்டும். ஒரு ஓட்டம் மிச்சம், டீசல் மிச்சம், ஆள் மிச்சம். மிச்சமானதற்கு ஈடாக இரண்டு மூன்று வாரம் வானத்தைப் பார்த்து வயிற்றைக் கலக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

என் முதல் வருடத் தவறைச் சொல்லிவிடுகிறேன். நிறம் பார்த்து வரும்படி பண்ணைக்காரர் என்னை அனுப்பினார். நான் சாலையோரத்தில் நான்கு செடியைப் பிடுங்கி, கைக்கு எட்டிய அடிநெற்றுகளைப் பிளந்து பார்த்துவிட்டு, "அறுபது விழுக்காடு மாறிவிட்டது" என்று வந்து சொன்னேன். கனோலா அடியிலிருந்து மேலே பழுக்கிற பயிர். அடியில் அறுபது என்றால் செடி முழுவதற்கும் முப்பதுகூடத் தேறாது. போதாக்குறைக்கு முப்பது டிகிரியைத் தாண்டிய நண்பகல் வெயிலில் வெட்டினோம். விதையின் பச்சையம் கரைய விதைக்குள் ஈரம் வேண்டும். அந்த வெயிலில் ஈரம் ஒரே நாளில் ஓடிப்போக, பச்சை அப்படியே உள்ளே பூட்டிக்கொண்டது.

தானியக் கொள்முதல் நிலையத்தை அங்கே எலிவேட்டர் என்பார்கள். நூறு குழியுள்ள சின்னத் துடுப்பு ஒன்றை விதைக்குள் விட்டு எடுத்து, ஒட்டுத்தாளில் பதித்து, உருளையால் நசுக்குவார்கள். ஐந்து தாள், ஐந்நூறு விதை. நல்ல விதை மஞ்சளாகப் பரவும், பழுக்காதது பச்சைப் பொட்டு வைக்கும். நூற்றுக்கு 2 பச்சை வரை முதல் தரம், 6 வரை இரண்டாம் தரம், 20 வரை மூன்றாம் தரம். எங்களுடையதில் ஐந்நூறுக்கு நாற்பத்தைந்து பொட்டு இருந்தன. பண்ணைக்காரர் என்னைத் திட்டவில்லை. அந்தத் தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அதன்பிறகு நான் பார்க்கிற முறை இது. வரப்போரத்தை விட்டுவிட்டு, வயலுக்குள் ஐந்து இடம். தாய்த்தண்டில் அடி, நடு, நுனி மூன்றிலும் நெற்று பிளக்க வேண்டும். விதையில் ஒரு புள்ளி பழுப்பு தெரிந்தாலே நிறம் மாறியதாகக் கணக்கு. நுனியில் இருப்பவை பச்சையாக இருக்கலாம், ஆனால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினால் நசுங்காமல் உருள வேண்டும். முன்பெல்லாம் முப்பது, நாற்பதிலேயே வெட்டிவிடுவார்கள். இன்றைய கலப்பின ரகங்களுக்கு அறுபது வரை பொறுப்பது நல்லது. பயிர் கலைவாக நிற்கிற இடத்தில் தாய்த்தண்டை மட்டும் நம்பாதீர்கள். இடம் கிடைத்த செடி பக்கக்கிளையாக வாரி இறைத்திருக்கும், பாதி விளைச்சல் அங்கேதான் இருக்கும், அது பிந்திப் பழுக்கும். சாதாரண வானிலையில் இரண்டு மூன்று நாளுக்குப் பத்து விழுக்காடு நிறம் ஏறும். அதனால் இன்று நாற்பது என்றால் படபடக்கத் தேவையில்லை. வெயில் கொளுத்தினால் பகலில் ஸ்வாதரை எடுக்காமல், இரவிலோ பனி இறங்கிய விடியலிலோ வெட்டுங்கள்.

வெயிலைவிட அங்கே பெரிய வில்லன் உறைபனி. செப்டம்பர் முதல் பாதியிலேயே வந்து நிற்கக்கூடியது. விதை ஈரம் இருபது விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது கடும் உறைபனி பிடித்தால் பச்சை நிரந்தரமாகத் தங்கிவிடும். அது வருவதற்கு மூன்று நாள் முன்னாலாவது வெட்டிப் படுக்க வைத்தால்தான் விதை ஈரம் இறங்கித் தப்பிக்கும். நாளை இரவு பனி என்று இன்று மாலை அறிவிப்பு கேட்டுவிட்டு ஸ்வாதரைக் கிளப்புவதால் ஒரு லாபமும் இல்லை. பயத்தில் நாங்களும் கிளப்பியிருக்கிறோம்.

2014இல் நெற்று எளிதில் வெடிக்காத முதல் ரகமாக இன்விகர் எல்140பி சந்தைக்கு வந்தது. அதன்பிறகு காப்பிக் கடை வாக்குவாதத்தின் போக்கே மாறியது. எங்கள் பண்ணைக்காரருக்கும் ஆசை வந்தது. ஆனால் முதல் முயற்சியில் சிக்கனம் பார்த்து, பழைய ரகம் நின்ற ஒரு குவார்ட்டரில், அதாவது 160 ஏக்கரில், நேரடி அறுப்பைச் சோதித்தார். கலைவான பயிர், ஒன்றையொன்று பின்னாமல் தனித்தனியாக நின்றது. ஒரே இரவுக் காற்று. காலையில் போய்க் குனிந்து பார்த்தால் மண் கறுப்பாக இருந்தது. கணக்கு எளிது: கனோலாவுக்கு ஒரு புஷல் 50 பவுண்டு. ஆயிரம் விதை நான்கு கிராம் என்று கொண்டால், சதுர அடிக்கு ஏறக்குறைய 130 விதை சிந்தினால் ஏக்கருக்கு ஒரு புஷல் போயிற்று. நான் எண்ணிய சதுர அடிகளில் அறுநூறுக்குக் குறையவில்லை. அடுத்த வருடம் அந்த நிலத்தில் கோதுமைக்கு நடுவே கனோலா களையாக முளைத்து எங்களைக் கேலி செய்தது.

ஸ்வாத் போட்டால் காற்றுக்குத் தப்பலாம் என்று எண்ண வேண்டாம். இன்னொரு வருடம் லேசாகக் கிடந்த அரிகளை அதே காற்று பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி வேலியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. வெட்டும்போதே பின்னால் உருளையை இழுத்து அரியை அடித்தாளுக்குள் அழுத்திவிட வேண்டும். அடித்தாளை ஓரடிக்குக் கிட்ட விட்டு வெட்டினால்தான் அரியின் அடியில் காற்றோட்டமும் இருக்கும்.

நேரடி அறுப்புக்கு எந்த வயலை விடலாம்? அடர்த்தியாக, ஒரே சீராகப் பழுத்து, லேசாகச் சாய்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட வயல். பார்க்க அலங்கோலமாக இருக்கும், காற்றுக்கு அசையாது. விறைப்பாக நிமிர்ந்து நிற்கிற அழகான வயல்தான் ஆபத்து. தண்டழுகலோ கருங்கால் நோயோ பிடித்திருந்தால் அந்தச் செடிகள் முந்திப் பழுத்து வெடிக்கும், அதை ஸ்வாத் போட்டுவிடுங்கள். களை மண்டிய வயலும் அப்படியே. உலர்த்து மருந்து அடிக்கலாம்தான். ஆனால் டைக்வாட் மாதிரி பட்ட இடத்தைக் காய வைக்கிற மருந்து அடித்த நாளிலிருந்து உங்களுக்குக் கெடு ஆரம்பம். கம்பைன் வேறு வயலில் மாட்டிக்கொண்டிருந்தால் அடிக்கவே அடிக்காதீர்கள்.

தண்டைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள் என்பது நான் சிரமப்பட்டுக் கற்றது. நெற்று சலசலக்கும், விதை ஈரம் பத்துக்குக் கீழே இறங்கியிருக்கும், தண்டு மட்டும் கீரைத்தண்டாக நிற்கும். அது காயட்டும் என்று காத்திருந்தால் நெற்று காத்திருக்காது. ஈரமானியில் பத்து காட்டினால் இறங்கிவிட வேண்டியதுதான். பச்சைத்தண்டை மெல்ல கம்பைன் முனகும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் பயிரைச் சாய்க்கிற சுழலியை உயர்த்தி, வண்டி வேகத்தைவிட ஒரு பொட்டு மட்டும் கூடுதலாகச் சுழலவிடுங்கள், அடித்தால் கொட்டும். பயிர் பின்னிக் கிடக்கிற வயலில், கம்பைனின் வெட்டுமுகப்பான ஹெட்டரின் ஓரம் செடியைப் பிய்க்கிற இடத்தில்தான் எங்களுக்கு அதிகம் சிந்தியது. அங்கே செங்குத்தாக ஒரு பக்கக் கத்தி மாட்டியபின் குறைந்தது. பின்னால் எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ள கம்பைனுக்கு அடியில் ஒரு தகரத்தட்டைப் போட்டு எண்ணுங்கள். ஓட்டுபவர் ஊகம் எப்போதும் பாதிதான் சொல்லும், நான் ஓட்டினாலும்.

எந்த வழியில் அறுத்தாலும் குதிருக்குள் போனதும் வேலை தீராது. கனோலா ஆறு வாரம் வரை மூச்சு விட்டு வேர்க்கும். எட்டு விழுக்காடு ஈரம், பதினைந்து டிகிரிக்குக் கீழே சூடு என்பது எங்கள் இலக்கு. குளிர்ந்த இரவுகளில் விசிறியை ஓட்டி, உச்சியில் குவிந்ததைக் கொஞ்சம் லாரியில் இறக்கி மறுபடி ஏற்றுவோம். இதைச் சோம்பலில் விட்டவர்களின் குதிர் கருகிய வாடையை நான் முகர்ந்திருக்கிறேன்.

இப்போது எங்கள் பண்ணையில் மூன்றில் இரண்டு பங்கை நின்றபடி அறுக்கிறோம். விதை முழுக்கத் திரண்டு வருகிறது, முதல் தரம் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. பனி முதலில் இறங்குகிற பள்ள நிலத்தை மட்டும் ஸ்வாத் போடுகிறோம். ஸ்வாதரை விற்றுவிடலாமே என்று பலர் பண்ணைக்காரரிடம் கேட்டுவிட்டார்கள். வேண்டாம் என்று நானும் சொல்லியிருக்கிறேன். அது கொட்டகையில் இருக்கிறது, மே மாதம் எண்ணெய் போட்டு வைத்தேன்.