சபராளியின் பணமும் அடுப்படியின் ஹக்கும்

மனைவி மக்களுக்கு உணவும் உடையும் அளிக்கும் பொறுப்பை அல்லாஹு தஆலா குடும்பத் தலைவன் மீது சாட்டியிருக்கிறான். வசதியுள்ளவன் வசதிக்கேற்பவும், நெருக்கடியிலுள்ளவன் தனக்குக் கிடைத்ததிலிருந்தும் செலவிட வேண்டுமென்பது தலாக் சூராவின் 7-ஆவது ஆயத்தின் கருத்து. இச்செலவுக்கே நஃபகா என்று பெயர். ஆகவே சபரிலிருந்து வரும் பணத்தில் உணவுக்குரிய பங்கு அன்பளிப்பன்று, கடமையாகும்.

ராசிங்காபுரம் பக்கத்தில் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஏறிப் போகிறவர்களின் வீட்டில் கூலி வந்தால் அரிசி பருப்பு வரும். காய் எடுப்பு ஓய்ந்தால் கை சுருங்கும். வெளிநாடு சென்ற மகன் அனுப்பும் பணம் அந்த இடைவெளியை நிரப்புகிறது. இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டுப் பணத்தில் 100-க்கு 59 பங்கு குடும்பச் செலவுக்கே போவதாக ரிசர்வ் வங்கியின் 2018 ஆய்வு கூறுகிறது.

ஆனால் பணம் வருவது வேறு, அடுப்பு எரிவது வேறு. விசாக் கடனின் வட்டியும், கட்டிட வேலையும், கலியாண ஆடம்பரமும் முந்திக்கொண்டால் ரேஷன் அரிசி மட்டுமே மிஞ்சும். பாலும் முட்டையும் குறையும். மளிகைக் கடையில் பற்று ஏறும். பணம் முழுவதும் பெரியவர்கள் கையில் சேரும் வீட்டில், பிள்ளையின் பாலுக்கும் மருமகள் கேட்டு நிற்க நேரிடுகிறது.

கணவர் அபூசுஃப்யான் போதுமானதைத் தருவதில்லை என ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் அவர் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உள்ளது.

மஸ்அலா: கொடுக்கத் தவறிய மனைவியின் நஃபகா, ஷாஃபிஈ மத்ஹபில் கணவன் மீது கடனாகவே நிற்கும். ஹனஃபி மத்ஹபிலோ காஜியின் தீர்ப்பு அல்லது இருவரின் உடன்பாடு இருந்தால்தான் கடனாகும். ஆதலால் ஹனஃபி சகோதரர்கள் சபருக்கு முன்பே மாதத் தொகையைப் பேசி முடிவு செய்வது மிக அவசியம்.

அத்தொகையை மனைவியின் கையில் சேருமாறு தனியே அனுப்புங்கள். ஏழைப் பெற்றோரின் நஃபகாவும் மகன் மீது கடமையே. அதையும் தனியே ஒதுக்குங்கள். 2020-இல் கொரோனாவால் பலரின் சம்பளம் நின்றது. சேமிப்பில்லாத வீடுகள் சில வாரங்களிலேயே தவித்தன. எனவே மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவைச் சேர்த்துவைத்த பிறகே மாடி கட்ட நினையுங்கள்.

நம் வீட்டாரின் ஹக்கை நிறைவேற்றும் தவ்பீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.