கூடாரப் பயணத்துக்குப் பை கட்டும் முன்: தீ வேண்டாத உணவு, தேவையான அளவு மின்சாரம்

தொடர் விடுமுறை வந்தால் ஏற்காடு, கொல்லிமலை, ஏலகிரி, கொடைக்கானல் என்று மலைப்பக்கம் போய், கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கி வரப் பலருக்கும் ஆசை. கிளம்புவதற்கு முதல் நாள் இரண்டு கேள்விகள் வரும். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? செல்போனுக்கும் விளக்குக்கும் மின்சாரம் எப்படி? "அங்கே போய்ப் பாத்துக்கலாம்" என்று சிலர் கையை வீசிக்கொண்டு கிளம்புவார்கள். சிலர் கடையில் பார்த்ததையெல்லாம் வாங்கிப் பையை நிரப்பிவிடுவார்கள். ரெண்டுமே மலையில் சரிப்படாது.

ஒருவர், ஓர் இரவு, இரண்டு பகல் என்று வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தில் கணக்குப் போடுவோம். கணக்கு புரிந்துவிட்டால் எத்தனை பேருக்கும், எத்தனை நாளுக்கும் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

முதலில் அனுமதி, அப்புறம் பை

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும், அங்கே தீ மூட்டுவதும் தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றம். இதை வெறும் சட்டமாக மட்டும் பார்க்காதீங்க. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவி, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்வெளியில் தீ காற்றோடு ஓடும் வேகத்துக்கு மனிதர் சரிவில் ஓட முடியாது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாடு அரசு தனி ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது.

வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பாதைகளுக்கு இணையவழியில் முன்பதிவு செய்யலாம். வழிகாட்டி உடன் வருவார். காட்டுத்தீப் பருவத்தில் பாதைகள் மூடப்படும் என்பதால் தேதியைப் பார்த்துக்கொண்டு திட்டமிடுங்கள். கூடாரத்தில் தங்குவதென்றால் அதற்கென அனுமதி பெற்ற இடத்தில் மட்டும் தங்குங்கள். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

ஆக, நாம் கட்டும் பைக்கு முதல் விதி இதுதான்: தீ இல்லாமலேயே சாப்பிட முடிகிற உணவு.

"அடுப்புக்குப் பதில் பேட்டரி வச்சுக்கலாமே?"

நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொதிக்க வைக்க ஏறக்குறைய 87 வாட்-ஹவர் மின்சாரம் வேண்டும். கடையில் பெரியது என்று விற்கும் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க்கில் இருப்பதே மொத்தம் 74 வாட்-ஹவர்தான். அதாவது, முழு பவர் பேங்க்கையும் காலி செய்தாலும் ஒரு லிட்டர் வெந்நீர் கிடைக்காது. கெட்டில் 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். கையில் தூக்கிப் போகிற அளவுள்ள சிறிய ‘பவர் ஸ்டேஷன்’ பலவற்றால் அதைத் தாங்க முடியாது. அதோட எடையும் மூன்று, நான்கு கிலோ. கார் நிற்கும் இடத்திலேயே தங்குகிறவர்களுக்கு அது சரி. தோளில் சுமந்து நடப்பவர்களுக்கு உதவாது.

பேட்டரி, வெளிச்சத்துக்கும் பேச்சுக்கும். வயிற்றுக்கு வேறு வழி பார்ப்போம்.

உணவின் எடையைப் பார்ப்பது எப்படி?

உணவில் எடை கூடுவது பெரும்பாலும் தண்ணீரால். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரிதான் இருக்கிறது. மீதி பெரும்பாலும் நீர். அதே 100 கிராம் எடைக்கு மற்றவை எவ்வளவு தருகின்றன, பாருங்க:

- வேர்க்கடலை: சுமார் 560 கலோரி
- கடலை மிட்டாய்: சுமார் 500 கலோரி
- வெல்லம்: சுமார் 380 கலோரி
- பொட்டுக்கடலை: சுமார் 370 கலோரி
- அவல்: சுமார் 350 கலோரி
- பேரீச்சம்பழம்: சுமார் 280 கலோரி

மலையேறும் நாளில் ஒருவருக்கு 2,500 முதல் 3,500 கலோரி வரை தேவைப்படலாம். அதைச் சோறாகவே சுமந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் போகும். மேலே சொன்னவற்றைக் கலந்து எடுத்தால் 600 முதல் 800 கிராமில் முடிந்துவிடும்.

இதில் கெட்டிக்காரச் சாமான் அவல்தான். பச்சைத் தண்ணீரிலேயே ஊறும். மெல்லிய அவலுக்கு ஐந்து நிமிடம், கெட்டி அவலுக்கு கால் மணி நேரம் போதும். உப்பு, எலுமிச்சைச்சாறு, வறுத்த வேர்க்கடலை போட்டுப் பிசைந்தால் ஒரு வேளைச் சாப்பாடு. வெல்லமும் பொட்டுக்கடலையும் சேர்த்தால் இன்னொரு வேளை. பாட்டி காலத்துப் பொருள்விளங்கா உருண்டையும் இதற்கென்றே செய்தது மாதிரிதான். பல நாள் கெடாது, பையில் நசுங்காது.

ஒருவருக்கான உணவுப் பட்டியல்

முதல் நாள் காலை வீட்டிலோ அடிவாரத்திலோ சாப்பிட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம்.

1. முதல் நாள் மதியம்: புளிசாதம், 400 கிராம். நல்லெண்ணெய் சற்றுக் கூடுதலாக விட்டு, நன்றாக ஆறவைத்துக் கட்டுங்கள். சூடாக மூடினால் வியர்த்துக் கெட்டுப்போகும்.
2. முதல் நாள் இரவு: அவல் 125 கிராம், கூடவே வேர்க்கடலை.
3. இரண்டாம் நாள் காலை: சப்பாத்தி ஆறு, சுமார் 240 கிராம். தண்ணீர் சேர்க்காமல் சுண்ட வதக்கிய தக்காளித் தொக்கு கொஞ்சம்.
4. இரண்டாம் நாள் மதியம்: அவல் 125 கிராம், வெல்லம் 75 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம்.
5. நடக்கும்போது கொறிக்க: வேர்க்கடலை மொத்தம் 150 கிராம் (இரவுக்கானதும் இதில்தான்), கடலை மிட்டாய் 100 கிராம், பேரீச்சை 100 கிராம்.

மொத்த எடை ஏறத்தாழ ஒன்றரை கிலோ. கிடைப்பது 4,500 கலோரி அளவுக்கு. இரண்டு நாளுக்கு இது தாராளம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெல்லம், மிட்டாய், பேரீச்சையைக் குறைத்துக் கடலை வகையைக் கூட்டிக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய மாத்திரையைப் பையின் மேல் அறையிலேயே வையுங்கள்.

எதை விட்டுவிடலாம்? நூடுல்ஸுக்கு அடுப்பு வேணும். டின் உணவில் டப்பாவையும் சேர்த்துச் சுமக்கணும். தயிர்சாதம் வெயிலில் சீக்கிரம் புளிக்கும். சிப்ஸ் எடை குறைவுதான். ஆனால் பையை அடைத்துக்கொள்ளும், உப்பால் தாகத்தையும் கிளப்பும்.

தண்ணீரை மறந்தால் எல்லாக் கணக்கும் தப்பு

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஏறும் நாளில் ஒருவருக்கு மூன்று முதல் நான்கு லிட்டர் வேண்டியிருக்கும். அதாவது பையில் உணவைவிடத் தண்ணீரே கனம். உலர் உணவுக்கும் ஊற வைக்கத் தண்ணீர் வேண்டும். தங்குமிடத்தில் குடிநீர் இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்க. ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. குளோரின் மாத்திரை போட்டால் உறையில் சொன்ன நேரம் வரை காத்திருந்து குடியுங்கள். பொதுவாக அரை மணி நேரம்.

உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவு.

நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் குடிநீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. எஃகு அல்லது திரும்பப் பயன்படுத்தும் பாட்டிலே எங்கும் நல்லது.

மின்சாரக் கணக்கு: எம்.ஏ.எச். அல்ல, வாட்-ஹவர்

பவர் பேங்க் மேல் பெரிய எழுத்தில் 10,000 எம்.ஏ.எச். என்று இருக்கும். அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 37 வாட்-ஹவர். ஆனால் அது முழுதும் போனுக்குப் போய்ச் சேராது. மின்னழுத்தத்தை மாற்றும்போதும், வெப்பமாகவும் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகும். கைக்குக் கிடைப்பது சுமார் 25 வாட்-ஹவர்.

இப்போது தேவையைப் பாருங்க. 5,000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள போனை ஒரு தடவை முழுதாக ஏற்ற சுமார் 19 வாட்-ஹவர். தலையில் மாட்டும் ரீசார்ஜ் விளக்குக்குச் சுமார் 4.5 வாட்-ஹவர். கூட்டினால் 23.5. ஓர் இரவுக்கு ஒருவருக்கு 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று போதும். எடை சுமார் கால் கிலோ.

நான்கு பேர் போகும்போது 20,000 ஒன்று வாங்குவதைவிட 10,000 இரண்டு வாங்குவது மேல். ஒன்று தண்ணீரில் விழுந்தாலும் இன்னொன்று இருக்குமே. முதுகில் சூரியத் தகடு ஒட்டிய பவர் பேங்க் அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சின்னத் தகடு ஒரு வாட் அளவில்தான் தரும். 37 வாட்-ஹவர் நிரம்ப நல்ல வெயிலில் ஏழு நாளாவது காய வேண்டும். மரநிழலில் அதுவும் நடக்காது.

போன் டார்ச்சை நம்பி விளக்கை விட்டுவிடாதீங்க. இருட்டில் இறங்கும்போது இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும்.

இருக்கிற சார்ஜைக் காப்பாற்றுவது

சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஃபிளைட் மோடில் போடுங்கள். பெரும்பாலான போன்களில் அப்போதும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்திருந்தால் வழி தெரியும். குழுவில் ஒரு போனையாவது முழு சார்ஜுடன் அணைத்தே வைத்திருங்கள். ஆபத்தில் அழைக்க வேண்டிய எண் 112, ஆம்புலன்ஸுக்கு 108. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் 112 கிடைக்க வாய்ப்பு உண்டு. அதற்குப் போனில் உயிர் இருக்கணும், அவ்வளவுதான்.

வாங்கும்போது கவனிக்க

- பவர் பேங்க்குக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.
- பொட்டல உணவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிகர எடை, கடைசித் தேதி மூன்றையும் பாருங்கள்.
- பில் வாங்குங்கள். பொருளில் குறை இருந்து கடைக்காரர் தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.
- உப்பிப்போன பவர் பேங்க்கைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள்.
- விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும்.

முகாமில்

வெல்லம், பழம், உப்பு வாசனைக்கு யானை வரும். குரங்கு ஜிப்பையே திறந்துவிடும். உணவை இறுக மூடும் எஃகு டப்பாவில் வைத்து, எங்கே வைப்பது என்று வழிகாட்டியைக் கேட்டு அங்கே வையுங்கள். தூங்கும் கூடாரத்துக்குள் வேண்டாம். விலங்குகளுக்கு எதையும் கொடுக்காதீர்கள். கொண்டு போன உறை, தோல், மிச்சம் எல்லாம் அதே பையில் கீழே வர வேண்டும்.

நீங்களே கணக்குப் போடுங்க

நான்கு பேர், இரண்டு இரவு. இரண்டு போன் மட்டும் பயன்பாட்டில். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை ஏற்ற வேண்டும். நான்கு தலைவிளக்கு, தலா ஒரு தடவை. எத்தனை 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் வேண்டும்?

விடை: போனுக்கு 19 × 4 = 76. விளக்குக்கு 4.5 × 4 = 18. மொத்தம் 94 வாட்-ஹவர். ஒன்றுக்கு 25 என்றால் நான்கு தேவை. ஆளுக்கு ஒன்று.

பை கட்டி முடித்ததும் எடை போட்டுப் பாருங்கள். தண்ணீரோடு சேர்த்து உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. புதிதாக ஏறுகிறவர்களுக்கு இன்னும் குறைவாக இருப்பது நல்லது. தாண்டினால் முதலில் எடுக்க வேண்டியது கூடுதல் துணியும் ஸ்பீக்கரும்தான். தண்ணீரிலும் விளக்கிலும் கை வைக்காதீங்க. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.