முக்கால் அங்குலக் கிரானைட்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கிளை நூலக வரைபடங்களை மேசையில் விரித்து இரண்டு இரவு பார்த்தேன். 1:12 சரிவு, இரண்டு உயரத்தில் கைப்பிடி, கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி திரும்ப 1500 மில்லி, எல்லாம் சரியாக இருக்கிறது. அதைப் பற்றி நமக்குள் பேச்சு வேண்டாம். இரண்டு விஷயம்தான் என்னைத் தூங்க விடவில்லை.

முதலாவது, ரேம்ப் இருக்கும் இடம். முன்வாசலில் ஆறு படி. ரேம்போ கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், ஒரு கிரில் கேட்டுக்குள் தொடங்குகிறது. அந்தக் கேட் பூட்டியே கிடக்கும் என்பது உனக்கும் தெரியும். குறிப்பில் "விதிப்படி ரேம்ப் அமைக்கப்பட்டுள்ளது" என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

வசதி இல்லாத வரைபடத்துக்கு அனுமதியே கூடாது என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்கிறது. அதன்கீழ் வந்த 15ஆம் விதி வெறும் பரிந்துரையாக நிற்கிறது, அது சட்டத்துக்கே முரண் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கவும் உத்தரவிட்டது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கு அது. அத்தனை வருடம் போராடிப் பெற்றதை ஜெனரேட்டர் புகைக்குள் கொண்டுபோய் வைக்கலாமா?

900 மில்லி ஏற 10.8 மீட்டர் சரிவு வேண்டும், நடுவில் ஒரு சமதளமும் வேண்டும், முன்னால் இடமில்லை என்பாய். முன்பக்கம் முழுக்கப் புல்தரை போட்டிருக்கிறாயே! அதை எடு. இல்லையென்றால் கட்டடத்தின் மேடையை இறக்கு. ரோடு ஏறிக்கொண்டே போகிறது என்று பயந்து நாம் மேடையை உயர்த்துகிறோம். அதற்கு விலை கொடுப்பவர் நாற்காலியில் வருகிறவர்.

இரண்டாவது, நிலைப்படி. வாசலில் 20 மில்லிக்குக் கிரானைட் பட்டை காட்டியிருக்கிறாய். 12 மில்லிக்கு மேல் போகவே கூடாது, அதுவும் ஓரம் சரித்து. வீல்சேரின் முன்சக்கரம் சின்னது. பட்டையில் முட்டினால் அங்கேயே நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்வார்.

எனக்கு இது அக்காவிடம் கற்ற பாடம். மூன்று வயதில் போலியோ வந்தது அவளுக்கு. நான் கட்டிய முதல் கட்டடத்தின் திறப்பு விழாவுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ரேம்பில் தானே உருட்டி ஏறினாள். வாசலில் நான் ஆசையாக வைத்த பட்டையில் சக்கரம் நின்றுவிட்டது. இரண்டு பேர் ஓடிவந்து நாற்காலியோடு தூக்கினார்கள். முழங்காலில் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விழா முடியும்வரை சிரித்த முகம். வீட்டுக்கு வந்த பிறகுதான், "பீரோவைத் தூக்கி வைக்கிற மாதிரி வச்சாங்கடா" என்றாள். முப்பது வருடமாகியும் எந்த வாசலுக்குப் போனாலும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகிறது.

பட்டை இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வரும் என்பார் மேஸ்திரி. வாசலுக்கு வெளியே வாய்க்கால் வெட்டி மேலே கம்பிச்சட்டம் போடு. சட்டத்தின் இடைவெளியில் சக்கரம் மாட்டக் கூடாது. சன்ஷேடை இன்னும் நீட்டு. நீ வரையாவிட்டாலும் இரண்டு தரை சேரும் இடத்தை மறைக்க டைல்ஸ்காரர் கடைசி நாளில் ஒரு பட்டை வைத்துவிடுவார். அன்று ரசமட்டத்தோடு நீ சைட்டில் நிற்க வேண்டும்.

அந்த மேற்கு ஜன்னலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்கு ஏரி தெரியட்டும் என்று ஜன்னல் அடிமட்டத்தை 600 மில்லிக்கு இறக்கி, பக்கத்திலேயே முழங்கால் நுழையும் மேசையும் போட்டிருக்கிறாய். என் வாழ்நாளில் எனக்குத் தோன்றாத யோசனை அது. அந்தத் தாளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு ஜன்னலை வரைந்த கை பின்வாசலை வரையலாமா?

ரேம்பை முன்னால் கொண்டுவந்து மறுபடி வரைந்து அனுப்பு. அக்காவின் நாற்காலி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தரை போட்டு முடிகிற அன்று எடுத்து வருகிறேன். தெருவிலிருந்து அந்த ஜன்னல்வரை நீயே உருட்டிக்கொண்டு போ. யாரும் தள்ளவோ தூக்கவோ மாட்டோம்.

அன்புடன்,
உன் அண்ணன்