மேகம் விடை கொடுத்தால்தான்

குன்னூர் பக்கம் எஸ்டேட் ஜீப் கவிழ்ந்து ஒருவருக்குப் பலத்த அடி. ஹெலிகாப்டர் வந்தால் பிழைக்க வைக்கலாமா?
– வாசகர், கோத்தகிரி

ஹெலிகாப்டருக்காக வானத்தைப் பார்த்து நிற்காதீர்கள். முதலில் 108-ஐ அழையுங்கள். மலையில் பறக்கலாமா என்று கடைசி வார்த்தை சொல்வது மேகம்தான். 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. திடீரென மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்ததே காரணம் என்றது விசாரணை. உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங்குக்கு வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில்தான் முதல் சிகிச்சை. மறுநாள் சாலை வழியே சூலூர், அங்கிருந்து விமானத்தில் பெங்களூரு. டிசம்பர் 15-ல் அவரும் இறந்தார்.

மேகம் வழிவிட்டாலும் ஹெலிகாப்டர் இறங்க இடம் வேண்டும். அங்கிருந்து மருத்துவமனைக்கு மறுபடி ஆம்புலன்ஸ் வேண்டும். குன்னூரிலிருந்து ஊட்டி 20 கிலோமீட்டருக்குள்தான். இந்தத் தூரத்துக்குச் சாலையே பெரும்பாலும் முந்தும். பல மணி நேரப் பயணத்தை மிச்சப்படுத்தும் இடத்தில், கூடவே பயிற்சி பெற்ற மருத்துவக் குழுவும் பறந்தால், ஹெலிகாப்டருக்கு மதிப்பு உண்டு.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்துங்கள். கழுத்தை அசைக்காதீர்கள். தேயிலை மூட்டை போலத் தூக்கி ஜீப்பில் போடவே வேண்டாம். ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தாயிற்று. சாலை விபத்தென்றால், ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள்.