பலெர்மோவில் கேபிளா, செய்மதியா?

பொட்காஸ்ட்டில் டிவி ரெக்கோடர் பற்றிக் கதைத்தோம். நேரம் போதாமல் விட்ட பகுதி இது.

லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கிற மச்சானைக் கேட்டால், "கேபிள் எடு, ரெக்கோடரும் சேர்த்துத் தருவாங்கள்" என்பார். எங்கட ஊரில் அது சரிவராது. 1971இல் வட இத்தாலியில் தெலெபியெல்லா என்றொரு கேபிள் நிலையம் தொடங்கியது. ஆனால் 1975இல் வந்த 103ஆம் இலக்கச் சட்டம், ஒரு கேபிளில் ஒரு சேனல்தான் என்று கட்டுப்படுத்திவிட்டது. ஒரேயொரு சேனலுக்காக ஆர் தெருவைக் கிண்டுவினம்? இத்தாலியில் கேபிள் டிவி வளரவே இல்லை. எங்களுக்கு மிஞ்சியது கூரை அன்டெனா, செய்மதி, இணையம்.

செய்மதி எடுக்க முதல் பல்கனியைப் பாருங்கோ. இத்தாலியச் சேனல்கள் வருகிற ஹொட் பேர்ட் செய்மதிகள் கிழக்கு 13 பாகையில் நிற்கின்றன. பலெர்மோவும் கிட்டத்தட்ட அதே 13 பாகைதான். ஆகவே டிஷ் நேர் தெற்கே பார்க்க வேணும். உங்கட பல்கனியிலிருந்து சாந்தா ரொசாலியாவின் மலை நேரே தெரிந்தால், அது வடக்குப் பக்கம். அங்கே டிஷ் பூட்டிப் பிரயோசனமில்லை.

ரெக்கோடர் எதற்கு? யாழ்ப்பாணத்தில் இரவு 8 மணி என்றால், இங்கே குளிர்காலத்தில் பின்னேரம் 3.30, கோடையில் 4.30. அந்த நேரம் அம்மா அப்பா வேலையில் நிற்பினம். இரவு வந்து பார்க்கத்தான் பதிவு.

செய்மதியில் வருவது ஏற்கெனவே டிஜிட்டல் தரவு. ரெக்கோடர் அதை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் எழுதுகிறது, தரம் குறையாது. நொடிக்கு 8 மெகாபிட் வருகிற எச்டி சேனல், ஒரு மணித்தியாலத்துக்கு 3.6 ஜிபி பிடிக்கும். 500 ஜிபி டிஸ்க்கில் ஏறத்தாழ 138 மணித்தியாலம். ஒன்றைப் பதிந்துகொண்டு வேறொன்றைப் பார்க்க, பெட்டியில் இரண்டு டியூனர் வேணும். வாங்கும்போது கேளுங்கோ.

இனி முக்கியமான கேள்வி: பதிவு ஆரிடம் இருக்கு?

சந்தாவோடு இரவலாகத் தருகிற பெட்டியில் பதிவுகள் பூட்டப்பட்டிருக்கும். ஒப்பந்தம் முடிந்து பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால், அம்மம்மா சேர்த்து வைத்ததெல்லாம் அதோடு போய்விடும்.

இணையத்தில் "பிறகு பார்க்கலாம்" என்று வருவது உங்கட பதிவே இல்லை. அது அவர்களின் சேர்வரில் இருக்கு, எடுத்துவிட்டால் இல்லை. எல்லாச் சேனலும் மலிவாகத் தருகிற பெட்சொத்தோ பெட்டி இன்னும் மோசம். 2023ஆம் ஆண்டின் 93ஆம் இலக்கச் சட்டப்படி, பார்ப்பவருக்கும் 5,000 யூரோ வரை அபராதம் வரலாம்.

சொந்தப் பெட்டியும் சொந்த யூ.எஸ்.பி. டிஸ்க்கும்தான் ஓரளவு பாதுகாப்பு. 2009இல் தொடங்கிய திவூசாத்துக்கு மாதச் சந்தா இல்லை. ஆனால் சொந்தப் பெட்டிகளிலும் சில, பதிவை வேறெங்கும் திறக்க விடாது. தமிழ்ச் சேனலுக்குப் பெரும்பாலும் இணையம்தான் வழி. அதற்குச் சட்டப்படியான சந்தாவை எடுங்கோ.

இந்தக் கிழமை ஒரு சோதனை செய்யுங்கோ. வீட்டுப் பெட்டியில் 5 நிமிடம் பதிந்து, டிஸ்க்கைக் கழற்றி லாப்டொப்பில் போட்டுப் பாருங்கோ. திறக்கவில்லை என்றால், அம்மம்மாவிடம் இப்பவே சொல்லிவிடுங்கோ: "இது பார்க்கிறதுக்கு மட்டும், சேர்த்து வைக்கிறதுக்கு இல்லை."