‘நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லாதீர்கள்! ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் கவுன்சில் உதவி பெற 15 குறிப்புகள்

இங்கிலாந்தில் பள்ளிக்காலம் வரை ஆசிரியர், உதவியாளர், தெரபி என்று பலர் சூழ இருந்த பிள்ளைக்கு, 18 வயதைக் கடந்ததும் வீட்டார் மட்டுமே துணை என்று ஆகிவிடுகிறது. முப்பது, நாற்பது வயதில்தான் தமக்கு ஆட்டிசம் இருப்பதை அறிந்துகொள்கிறவர்களும் உண்டு. இரு சாராருக்கும் உதவும் சட்டம் ஒன்று இருக்கிறது. 2014இல் நிறைவேறி, 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ‘கேர் ஆக்ட்’ அது. அந்த உதவி கேட்டால்தான் கிடைக்கும். கேட்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும்.

1. கதவு எது?
உங்கள் பகுதிக் கவுன்சிலின் ‘அடல்ட் சோஷியல் கேர்’ பிரிவுதான். ஜிபி டாக்டரோ பெனிஃபிட் அலுவலகமோ இந்த உதவியைத் தருவதில்லை. கேட்க வேண்டியது ‘நீட்ஸ் அசெஸ்மென்ட்’, அதாவது தேவை மதிப்பீடு. போனில் கேட்கலாம். மின்னஞ்சலில் கேட்டால் தேதியோடு ஆதாரம் கையில் இருக்கும். ‘கேர் ஆக்ட் 9ஆம் பிரிவின்படி மதிப்பீடு செய்யுங்கள்’ என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். உதவி தேவைப்படலாம் என்று தெரிந்தாலே மதிப்பீடு செய்வது கவுன்சிலின் கடமை. கையில் பணம் இருக்கிறது என்பதைக் காட்டி அதை மறுக்க முடியாது.

2. டாக்டர் சான்று வரும்வரை காத்திருக்க வேண்டாம்
ஆட்டிசம் என்று உறுதிசெய்யும் பரிசோதனைக்கு நீண்ட வரிசை இருக்கிறது. மதிப்பீட்டுக்கு அந்தச் சான்று கட்டாயமில்லை. அன்றாடத் தேவைதான் அளவுகோல். சான்று கையில் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். ‘டிகிரி படித்தவர், ஐக்யூ அதிகம், ஆகவே எங்கள் பிரிவுக்கு வரமாட்டார்’ என்று சொன்னால் ஏற்க வேண்டாம். படிப்பும் அறிவுத்திறனும் உதவியை மறுக்கக் காரணமாகா.

3. பத்தில் இரண்டு போதும்
சட்டம் பத்து விஷயங்களைப் பார்க்கிறது:
- சமைத்து, ஒழுங்காகச் சாப்பிடுவது
- உடல் சுத்தம்
- கழிப்பறைத் தேவைகள்
- இடத்துக்கும் காலநிலைக்கும் ஏற்ற உடை
- வீட்டுக்குள் பாதுகாப்பாக இருப்பது
- வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருப்பது
- குடும்ப உறவும் நட்பும்
- வேலை, படிப்பு, தொண்டுப் பணி
- பஸ், ரயில், கடை, பொழுதுபோக்கு இடங்கள் போன்ற வெளி வசதிகளைப் பயன்படுத்துவது
- பிள்ளை இருந்தால் வளர்ப்பது

இவற்றில் இரண்டையாவது செய்ய இயலாமல், அதனால் வாழ்க்கை நலன் கணிசமாகப் பாதிக்கப்பட்டால் நீங்கள் உதவிக்குத் தகுதியானவர். இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் உங்கள் நிலையைக் குறித்துவையுங்கள்.

4. ‘முடியும்’ என்று சட்டென்று பதில் சொல்லாதீர்கள்
சட்டம் ‘இயலாது’ என்பதை அகலமாகவே பார்க்கிறது. பிறர் உதவியில்லாமல் முடியாது என்றாலும், தனியாகச் செய்தால் கடும் வலியோ மன உளைச்சலோ பதற்றமோ வந்தாலும், ஆபத்து நேரக்கூடியது என்றாலும், வழக்கத்தைவிட மிக அதிக நேரம் பிடித்தாலும் அது இயலாமைதான். குளிக்கத் தெரியும், ஆனால் யாராவது பத்து முறை நினைவூட்ட வேண்டும். சமைக்கத் தெரியும், ஆனால் அடுப்பை அணைக்க மறந்துவிடும். பஸ்ஸில் போக முடியும், ஆனால் போய்வந்த பிறகு இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வர முடியாது. ‘செய்ய முடியுமா?’ என்று கேட்டால் ‘எப்படிச் செய்கிறேன், செய்தபின் என்ன ஆகிறது’ என்று பதில் சொல்லுங்கள்.

5. அம்மா செய்வதைக் கழித்துப் பாருங்கள்
நம் வீடுகளில் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ‘சாப்பாட்டுக்குக் குறையில்லை, துணி சுத்தமாக இருக்கிறது, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று பெற்றோர் பெருமையாகச் சொல்ல, ‘தேவை ஏதுமில்லை’ என்று படிவத்தில் பதிவாகிவிடும். உண்மையில், வீட்டார் செய்யும் உதவியை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் தகுதியை முடிவுசெய்ய வேண்டும். ஆகவே, அம்மா ஒரு வாரம் ஊரில் இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதை அப்படியே சொல்லுங்கள். அது குடும்பத்தைக் குறை சொல்வதாகாது. தொடர்ந்து உதவத் தயார் என்று வீட்டார் சொன்னால், அதைத் திட்டம் போடும் கட்டத்தில் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

6. இரண்டு வாரக் குறிப்பேடு
மதிப்பீட்டுக்கு முன் இரண்டு வாரம் தினமும் நாலு வரி எழுதுங்கள்: என்ன சாப்பிட்டேன், எது நின்றுபோனது, யார் நினைவூட்டினார்கள், எந்தச் சத்தம் அல்லது கூட்டம் தாங்க முடியாமல் போனது. ஆட்டிசத்தில் ஒரு நாள் போல் மறுநாள் இருக்காது. ஏறி இறங்கும் தேவைகளைப் போதிய கால அளவில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதற்குச் சான்று இந்தக் குறிப்பேடுதான்.

7. அதிகாரி வருகிறார் என்று வீட்டை ஜோடிக்காதீர்கள்
விருந்தாளி வந்தால் வீட்டைத் துடைத்து, தட்டில் பலகாரம் வைப்பது நம் பழக்கம். சோஷியல் வொர்க்கர் வரும் நாளில் அதை விட்டுவிடுங்கள். பிரிக்காமல் குவிந்த கடிதங்கள், துவைக்காத துணி, காலியான ஃபிரிட்ஜ் எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும். ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்றால் பழக்கதோஷத்தில் ‘நல்லா இருக்கேன்’ என்று வாய் சொல்லிவிடும். எழுதிவைத்த தாளைப் பார்த்துப் படித்தாலே போதும். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்ற கட்டாயமில்லை.

8. உங்களுக்கு ஒத்துவரும் முறையில் நடத்தச் சொல்லுங்கள்
போன் மணி கேட்டாலே படபடப்பா? நேரிலோ எழுத்திலோ கேளுங்கள். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொல்லலாம். இடைவேளை, அமைதியான அறை கேட்கலாம். விரும்பினால் படிவத்தை நீங்களே நிரப்பும் சுயமதிப்பீடும் உண்டு. மதிப்பிடுபவர் அதற்குரிய பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். ‘உங்களுக்கு ஆட்டிசம் பற்றிய பயிற்சி உண்டா?’ என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அனுபவமுள்ள இன்னொருவரை அனுப்பச் சொல்லுங்கள்.

9. மொழிபெயர்ப்பாளர் வேறு, துணைநிற்பவர் வேறு
தமிழில் பேசினால்தான் தெளிவாகச் சொல்ல முடியும் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். சங்கடமான விஷயங்கள் நடுவிலேயே கரைந்துபோகும். கேள்விகளைப் புரிந்துகொள்வதோ, நினைவில் வைப்பதோ, யோசித்து முடிவெடுப்பதோ, மனதில் உள்ளதைச் சொல்வதோ மிகவும் சிரமமாக இருந்து, துணைக்கு ஏற்ற ஆளும் இல்லையென்றால், ‘அட்வகேட்’ எனப்படும் துணைநிற்பவரைக் கவுன்சில் இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். அப்பாவோ அம்மாவோ உடனிருப்பது பிடிக்கவில்லையா? அதைத் தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் விருப்பத்துக்கு மாறாக அவர்களையே துணையாகக் காட்ட முடியாது.

10. எல்லாம் எழுத்தில்
மதிப்பீட்டின் நகலும், தகுதி உண்டா இல்லையா என்ற முடிவும் அதன் காரணமும் எழுத்தில் வர வேண்டும். வந்ததும் 3ஆம் குறிப்பில் சொன்ன தாளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ‘தனியாகச் சமைக்கிறார்’ என்பது போன்ற தவறுகள் இருந்தால் உடனே எழுதித் திருத்தச் சொல்லுங்கள். பின்னால் எடுக்கும் எல்லா முடிவுகளும் இந்தக் காகிதத்தை வைத்துத்தான் எடுக்கப்படும்.

11. பணமாகவும் வாங்கலாம்
தகுதி கிடைத்தால் ஒரு பராமரிப்புத் திட்டமும் அதற்கான தொகையும் வகுப்பார்கள். ஆளைக் கவுன்சிலே அனுப்பலாம். ‘டைரக்ட் பேமென்ட்’ கேட்டால் பணம் உங்களிடமே வரும். உதவியாளரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். தமிழ் பேசுபவர், நம் சாப்பாடு சமைக்கத் தெரிந்தவர் வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல வழி. ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினருக்குச் சம்பளம் கொடுக்கப் பொதுவாக அனுமதியில்லை. அதற்கு, அவசியம் என்று கவுன்சில் ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு வீட்டில் இருக்கும் சித்தியை வைத்துக்கொள்ள இந்தத் தடையில்லை. நேரடியாக ஆள் வைத்தால் நீங்கள் முதலாளி ஆகிறீர்கள் என்பதால் சம்பளக் கணக்கும் காப்புறுதியும் தேவை. அந்தச் செலவையும் தொகையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

12. பிள்ளை பெயரில் சேமிப்பா? நின்று யோசியுங்கள்
எவ்வளவு நீங்கள் கட்ட வேண்டும் என்பதற்குத் தனியாக நிதி மதிப்பீடு நடக்கும். உதவி பெறுபவரின் பணம் மட்டுமே கணக்கு; பெற்றோரின் சம்பளமும் வீடும் சேராது. அவர் பெயரில் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச்செலவையும் அவரே ஏற்க வேண்டும். 14,250க்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொடமாட்டார்கள். ‘எங்களுக்குப் பிறகு அவனுக்கு’ என்று பெற்றோர் போட்டுவைக்கும் பணம் இந்த வரம்பைத் தாண்டவைத்துவிடும். உயில் எழுதும்போதே, ட்ரஸ்ட் அமைப்பதில் அனுபவமுள்ள வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணத்தைத் தவிர்ப்பதற்காகப் பணத்தை வேறு பெயருக்கு மாற்றினால், அது இன்னும் உங்களிடமே இருப்பதாகக் கணக்கிடுவார்கள். வேலைச் சம்பளம் கணக்கில் வராது. ஆட்டிசத்தால் கூடும் துவைப்பு, சிறப்பு உணவு போன்ற செலவுகளை ரசீதோடு காட்டிக் கழிக்கச் சொல்லுங்கள்.

13. இதோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை
‘பிப்’ என்னும் உதவித்தொகை தனிக் கதை: அரசின் பெனிஃபிட் துறை தருவது, வருமானமும் சேமிப்பும் பார்ப்பதில்லை, வேலையில் இருப்பவரும் கேட்கலாம். ஒன்று மறுக்கப்பட்டால் மற்றதும் மறுக்கப்படும் என்றில்லை. பராமரிக்கும் அம்மா, அப்பா, துணைவர், உடன்பிறந்தோர் தமக்கென ‘கேரர்ஸ் அசெஸ்மென்ட்’ கேட்கலாம். ஓய்வு நாள் வேண்டும் என்று அங்கே சொல்வதில் வெட்கமில்லை. பிள்ளைக்கு இன்னும் 18 ஆகவில்லையா? பெரியவர் பிரிவுக்கு மாறுவதற்கான மதிப்பீட்டை இப்போதே கேளுங்கள்.

விசாவில் ‘பொது நிதி கிடையாது’ என்று இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கவுன்சிலின் பராமரிப்பு உதவி அந்தப் பொது நிதிப் பட்டியலில் இல்லை, பிப் இருக்கிறது. விசா முடிந்தவர்களுக்கு வேறு கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், விண்ணப்பிக்கும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

14. ‘இல்லை’ என்றால்
முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். தகுதியில்லை என்று முடிவானாலும், தேவைகளைக் குறைத்துக்கொள்ள என்ன செய்யலாம் என்ற ஆலோசனையைக் கவுன்சில் தர வேண்டும். அடுத்து, கவுன்சிலின் புகார் பிரிவுக்கு எழுதுங்கள். எந்த விஷயத்தைத் தவறாகப் பார்த்தார்கள், அதற்கு உங்கள் குறிப்பேட்டில் என்ன சான்று என்று எண் போட்டு எழுதினால் போதும். அங்கும் சரிவராவிட்டால் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணமில்லை. பொதுவாக, விஷயம் தெரிந்த 12 மாதங்களுக்குள் முறையிட வேண்டும். நீதிமன்றத்தில் சவால் விடுவதென்றால் மூன்று மாதமே அதிகபட்சம், தாமதிக்காமல் போக வேண்டும் என்பதால் வழக்கறிஞரை முதலிலேயே பாருங்கள். ஆபத்தான நிலை என்றால் இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள். மதிப்பீடு முடியும் முன்பே அவசர உதவி தரக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு.

15. கிடைத்த பிறகும் கண் வையுங்கள்
திட்டத்தை அவ்வப்போது மறுபரிசீலனை செய்வார்கள், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை. வீடு மாறுதல், வேலை போதல், பராமரிப்பவருக்கு நோய் என்று ஏதாவது மாறினால் அதற்கு முன்பே நீங்கள் கேட்கலாம். இன்னொரு கவுன்சில் பகுதிக்குக் குடிபோவதென்றால் போகும் முன்பே இரண்டு கவுன்சில்களுக்கும் எழுதுங்கள். இடையில் உதவி அறுந்துபோகக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் சட்டங்கள் வேறு. ஸ்காட்லாந்தில் தகுதி பெற்ற பெரியவர்களுக்கு உடல் சார்ந்த பராமரிப்பு இலவசம். வட அயர்லாந்தில் கவுன்சிலுக்குப் பதில் ஹெல்த் ட்ரஸ்டை அணுக வேண்டும். எங்கே இருந்தாலும் மதிப்பீடு, திட்டம், கடிதங்கள், குறிப்பேடு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதிவாரியாக வைத்திருங்கள். சோஷியல் வொர்க்கர் மாறும்போதெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்லாமல் அந்த ஃபைலைக் காட்டலாம்.